விண்மனையில் தூதும் சூழ்ச்சியும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். வாழ்நாளெல்லாம் கரும்பலகைக்கு முன் நின்ற ஒருவன், தொலைக்காட்சியில் வரும் விண்வெளிக் கதைகளைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். என் பழைய மாணவர் ஒருவர், ஓய்வுக்காலப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று சில ஒளித்தட்டுகளை என்னிடம் கொடுத்தார். விளையாட்டாகப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, இவை விண்மீன்களைப் பற்றிய கதைகள் அல்ல, அவையிலே பேசும் முறையைப் பற்றிய கதைகள் என்பது விளங்கிற்று. நம் முன்னோர் தூது என்றும் ஒற்று என்றும் பிரித்து ஆராய்ந்த பொருளே அங்கே புத்துடை அணிந்து நின்றது.

முதலில் அக்கதைகள் யாவை என்று கூறிவிடுகிறேன். அமெரிக்க நாட்டில் 1993-ஆம் ஆண்டிலேயே இரண்டு தொடர்கள் தோன்றின. ஒன்றின் பெயர் ‘பாபிலன் ஐந்து’. அதனைப் படைத்தவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி. 1993-இல் முன்னோட்டப் படம் ஒன்று வெளிவந்தது. பின்னர் 1994 முதல் 1998 வரை 110 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவற்றுள் 92 பகுதிகளை அவர் ஒருவரே எழுதினார். மற்றொன்று ‘ஸ்டார் டிரெக்’ வரிசையைச் சார்ந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’. அது 1999 வரை 176 பகுதிகள் நடைபெற்றது.

பாபிலன் ஐந்து என்பது ஐந்து மைல் நீளமுள்ள ஒரு விண்மனை. இரண்டரை இலட்சம் பேர் அதில் வாழ்கின்றனர். மனிதரும் மின்பாரி என்னும் இனத்தவரும் போரிட்டு, மனித குலம் அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்ட பிறகு, இனிப் போர் வேண்டா, பேசித் தீர்ப்போம் என்று எழுப்பிய இடம் அது. முதல் மூன்று நிலையங்களும் பகைவர் சதியால் அழிந்தன. நான்காவது, பணி தொடங்கிய ஒரே நாளில் காணாமற்போயிற்று. எனவே இஃது ஐந்தாவது. நான்கு முறை இழந்தும் ஐந்தாம் முறை கட்டினார்கள் என்பதிலேயே கதையின் கருத்து அடங்கியிருக்கிறது. மற்றைய நிலையமோ, பஜோர் என்னும் உலகை ஐம்பது ஆண்டுகள் அடிமைப்படுத்தியிருந்த கார்டாசியர் கட்டியது. அடிமைகளை வருத்திக் கனிமம் பிரித்த இடமே, விடுதலைக்குப் பின் பல இனத்தவரும் கூடிப் பேசும் இடமாகிறது.

இக்கதாசிரியர்கள் தூதர்களைக் கொண்டுபோய் விண்ணிலே வைத்தது ஏன்? எண்ணிப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தோன்றின. முதலாவது, அஃது ஒருவருக்கும் சொந்த மண் அன்று; ஆகவே அங்கே வருவது எவருக்கும் இழுக்காகாது. இரண்டாவது, எல்லாரும் ஒரே காற்றை மூச்சாகக் கொள்கின்றனர். சுவரில் ஓட்டை விழுந்தால் பகைவன் மட்டும் மடியமாட்டான். மூன்றாவது, சினங்கொண்டு எழுந்து போனாலும் போவதற்கு வேறு இடமில்லை. மறுநாள் அதே உணவுக்கூடத்தில் அவன் முகத்திலேயே விழிக்க வேண்டும். இந்த மூன்றும் நம் ஊர் ஏரிக்கரைக்கும் பொருந்தும் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

தூதன் எப்படியிருக்க வேண்டும் என்பதற்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அன்பு, அறிவு, ஆராய்ந்து சொல்லும் வன்மை ஆகிய மூன்றும் தூதனுக்கு இன்றியமையாதவை என்கிறார். அம்மூன்றில் அன்பை முதலில் வைத்ததைக் கவனியுங்கள். ஒற்றாடலுக்கும் தனி அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தால் நம்பலாம் என்பது அவர் வகுத்த நெறி. தூதைச் சொன்னவர் ஒற்றை மறைக்கவில்லை. அரசு நடத்துவோனுக்கு இரண்டும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, இரண்டுக்கும் வரம்பு கட்டினார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். ‘சூழ்ச்சி’ என்றால் இன்று சதி என்றே பொருள் கொள்ளுகிறோம். பழந்தமிழில் சூழ்தல் என்பது ஆராய்தல், பலரோடு கலந்து எண்ணுதல் என்று பொருள்படும். அமைச்சனின் சூழ்ச்சி என்றால் அவனது ஆலோசனை. நல்ல சொல் எப்படித் தீய சொல்லாயிற்று? என் வகுப்பில் இக்கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு மாணவன் சொன்ன விடை இன்றும் நினைவிலிருக்கிறது. “கதவைத் திறந்துவைத்துப் பேசினால் ஆலோசனை, ஐயா, சாத்திக்கொண்டு பேசினால் சதி” என்றான் அவன். நான் குறிப்பிட்ட இரண்டு தொடர்களும் அந்தக் கதவைப் பற்றியவைதாம்.

கதவைத் திறந்துவைத்துப் பேசிய தூதுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அது 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், 1981-இல் கண்டறியப்பெற்ற ஜம்பைக் கல்வெட்டிலும் காணப்படுகிறது. அவன் காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையாரைத் தூதனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் அஞ்சவுமில்லை, சினக்கவுமில்லை. இங்குள்ள வேல்கள் மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவலுக்குள் இருக்கின்றன. எம் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று கூறினார். மேலோட்டமாகக் கேட்டால் புகழ்ச்சி, உள்ளே எச்சரிக்கை. இதனைச் சிலர் தந்திரப் பேச்சு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வேல் முறிந்தது மெய். உலைக்களத்தில் கிடந்ததும் மெய். கேட்பவனே தன் அறிவால் உண்மையைக் கண்டுகொள்ளும்படி சொல்வதுதான் ஆராய்ந்த சொல்வன்மை.

கதவைச் சாத்திக்கொண்டு பேசியதற்குப் பாபிலன் ஐந்திலிருந்து ஒரு சான்று. லோண்டோ மொல்லாரி என்பவர், பெருமை குன்றிப்போன சென்டாரிப் பேரரசின் தூதர். குடியும் சூதாட்டமும் நகைச்சுவையுமாக நாட்களைக் கழிப்பவர். ஒருநாள் மோர்டன் என்னும் இளைஞன் வந்து, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவனுக்குப் பின்னே மறைந்திருப்பது பழைமையான ஒரு கொடிய இனம். தம் நாடு பழைய பெருமையை மீண்டும் அடைய வேண்டும் என்று லோண்டோ மனம்விட்டுச் சொல்லிவிடுகிறார். பின்னர் அவர் பகைவரான நார்ன் இனத்தவரின் காவற்பாசறை ஒன்று இரவோடிரவாக அழிகிறது. கைம்மாறு ஒன்றும் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத கடனே பெருங்கடன் என்பதை அவர் பின்னர்த்தான் உணருகிறார். முடிவில் நார்ன் உலகமே கல்மழையால் தரைமட்டமாகும்போது, கப்பலின் சாளரத்தருகே நின்று அதனைப் பார்க்கும் அவர் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை.

இதைப் பார்த்தபோது எனக்குக் கொல்லிமலை நினைவுக்கு வந்தது. சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்வோர், வானம் தெளிந்த நாளில் இடப்புறம் அம்மலையைக் காணலாம். அதனை ஆண்டவன் வல்வில் ஓரி. அஞ்சி திருக்கோவலூர் மீது படையெடுத்து வென்றான். அவ்வூர்க்குரிய மலையமான் திருமுடிக்காரி சேரனைச் சார்ந்தான். காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையே வென்றான் என்று சங்கப் பாடல்களைக் கொண்டு வரலாற்றாசிரியர்கள் கோவைப்படுத்துவர். ஒருவன் இழந்ததை மீட்க வேறொருவனிடம் பெற்ற உதவி, மூன்றாமவன் மலையைக் கொண்டு அடைபட்டது. பாரி, காரி, ஓரி, அதியன் ஆகிய வள்ளல்களைக் கொடைக்காகப் போற்றுகிறோம். அவர்கள் ஒருவரையொருவர் அழிக்க உதவிய கதையையும் மாணவர்க்குச் சொல்வது நம் கடமை.

சூழ்ச்சி மிகுந்த காலத்தில் முதலில் துன்புறுவோர் குற்றமற்றவர்களே. இளந்தத்தன் என்னும் புலவன், சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்தான். அங்கிருந்த நெடுங்கிள்ளி அவனை ஒற்றன் என்று கருதிக் கொல்ல முனைந்தான். கோவூர் கிழார் இடைபுகுந்து, பரிசில் பெற்று வாழும் புலவர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணாதது என்று எடுத்துரைத்து அவனைக் காத்தார். பாபிலன் ஐந்திலும் இதனை ஒத்த காட்சி ஒன்று உண்டு. நாடிழந்த நார்ன் தூதர் ஜி’கார் என்பவரைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சென்டாரியர் கேட்கின்றனர். நிலையத் தலைவர் ஷெரிடன் மறுத்து அடைக்கலம் அளிக்கிறார். ஒரு பொதுவிடம் மெய்யாகவே பொதுவிடமா என்பதற்கு இதுவே உரைகல். வலியவன் கேட்டவுடன் எளியவனை வெளியே தள்ளும் இடம், வலியவனுடைய வீட்டுத் திண்ணையே ஆகும்.

இனி இவ்விரு தொடர்களிலும் என் உறக்கத்தைக் கெடுத்த பகுதிக்கு வருகிறேன். டீப் ஸ்பேஸ் நைனில் 1998-ஆம் ஆண்டு வெளியான ஒரு பகுதி அது. நிலையத் தலைவர் சிஸ்கோ நேர்மையாளர். பெரும்போரில் அவர் தரப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. ரோமுலர் என்னும் வலிய இனத்தவர் துணைக்கு வந்தால்தான் பிழைக்கலாம். அவர்களோ பகைவருடன் போரிடுவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டவர்கள். சிஸ்கோ, கராக் என்னும் தையற்காரரின் உதவியை நாடுகிறார். அத்தையற்காரர் பழைய ஒற்றர். பகைவர் ரோமுலரைத் தாக்கத் திட்டமிடுவதாகப் பொய்யான சான்று ஒன்று உருவாக்கப்படுகிறது. ரோமுலப் பெருமகன் ஒருவர் அப்பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிறார். திரும்பும் வழியில் அவர் கப்பல் வெடித்துச் சிதறுகிறது; அது கராக் செய்த வேலை. பகைவரே கொன்றனர் என்று நம்பி ரோமுலர் போரில் இறங்குகின்றனர். கோடிக்கணக்கானோர் பிழைக்க வழி பிறக்கிறது. சிஸ்கோ நடந்தவற்றை நாட்குறிப்பில் சொல்லி, இதனோடு வாழ என்னால் இயலும் என்று தமக்குத்தாமே உறுதி கூறிக்கொண்டு, பின்பு அந்தக் குறிப்பை அழித்துவிடுகிறார்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கூறியிருக்கிறாரே என நீங்கள் கேட்கலாம். ஆம். ஆனால் குற்றமற்ற நன்மை என்றன்றோ நிபந்தனை விதித்தார்? அதே வள்ளுவர், வஞ்சனையால் பொருள் சேர்த்துக் காப்பது, சுடாத பச்சை மண்கலத்தில் நீரை ஊற்றிக் காப்பதை ஒக்கும் என்றும் உரைத்தார். சிஸ்கோவின் செயல் இவ்விரண்டில் எதன்பாற்படும் என்று ஒரு வாரம் எண்ணினேன். எண்ணியதற்குக் காரணம் உண்டு. நானும் ஒருகால் அத்தகைய கலத்தில் நீர் ஊற்றியவன்.

நான் பணியாற்றிய ஊரையும் பக்கத்து ஊரையும் ஒரே ஏரி வளர்த்தது. மதகு எங்கள் ஊர்ப் பக்கம். கடைமடை அவர்கள் பக்கம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தனர். மழை பொய்த்த ஓராண்டில், தூர் வாரிய கூலியைக் கொடுத்தால்தான் மதகைத் திறப்போம் என்றனர் இவ்வூரார்; திறந்தால்தான் கூலி என்றனர் அவ்வூரார். இரு தரப்புக்கும் பொதுவானவன் என்று என்னைத் தூதனுப்பினர். நான் இருமுறை நடந்தேன், இருவரும் அசையவில்லை. மூன்றாம் முறை, அவர்கள் கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று இங்கும், இவர்கள் திறக்க ஒப்புக்கொண்டார்கள் என்று அங்கும் சொல்லிவிட்டேன். இரண்டும் பொய். மதகு திறந்தது, மரவள்ளியும் நெல்லும் தலை நிமிர்ந்தன. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் கோயிற் பொங்கலில், கூலிப் பேச்சு வெளிவந்தது. யார் எப்போது ஒப்பினார்கள் என்ற கேள்வி எழுந்தது. அன்று மாலையே மதகு மூடப்பட்டது. அது பெரிதன்று, முன்பும் மூடித்தான் இருந்தது. மறுநாள் பள்ளியில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் முப்பதின்மர் இடம் வெறுமையாயிருந்ததே பெரிது. வாத்தியாரே பொய் சொன்னால் பிள்ளை எதைக் கற்கும் என்று ஒரு தாய் கேட்டாராம். அக்கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை.

அப்பிணக்கைத் தீர்த்தவர், மதகைத் திறந்து மூடும் வேலையைச் செய்துவந்த எழுத்தறியா முதியவர். அவர் என்னை அழைத்துக்கொண்டு அந்த ஊர் மந்தைக்குச் சென்றார். “நீங்கள் பேச வேண்டாம் சாமி. செய்ததை மட்டும் சொல்லிவிடுங்கள்” என்றார். சொன்னேன். பிறகு அவர், ஏரியில் எத்தனை முழம் நீர் உண்டு, அஃது எத்தனை நாளைக்கு வரும், இருவரும் சண்டையிட்டால் எத்தனை நாள் வெயிலுக்கே போகும் என்று கையால் அளந்து காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. கூலியில் பாதி அப்போதே வந்தது. மீதி அறுவடையில் என்று பேசி முடித்தனர். பிள்ளைகள் திரும்பி வந்தனர். சிலர் மட்டும் வரவேயில்லை.

பொய் கூறிச் சேர்த்த உறவு, பொய் உள்ளவரைதான் நிற்கும். சிஸ்கோ தம் குறிப்பை அழித்தார். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது தெரியும். ரோமுலருக்கும் ஒருநாள் தெரியுமானால் என்னாகும் என்ற அச்சத்தோடுதான் அவர் இனி அவையில் அமர வேண்டும். அத்தொடரை எழுதியோர் இதனைச் சரியென்றோ தவறென்றோ தீர்ப்புக் கூறாமல் விட்டது அவர்கள் நேர்மை.

கற்பனை நிலையங்களை விட்டு, மெய்யான நிலையத்தைச் சற்று நோக்குவோம். 1975 ஜூலையில், பனிப்போர்க் காலத்திலேயே, அமெரிக்கக் கலமும் சோவியத்துக் கலமும் விண்ணில் இணைந்தன. ஸ்டாஃபோர்டும் லியோனவும் கைகுலுக்கினர். 1984 ஏப்ரலில் நம் நாட்டு ராகேஷ் சர்மா சோவியத்தின் சல்யூத் 7 நிலையத்தில் தங்கினார். 1998 ஜனவரியில் 15 நாடுகள் கையொப்பமிட்டுப் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு வழிவகுத்தன. அதே ஆண்டு நவம்பரில் அதன் முதற்பகுதி ஏவப்பெற்றது. 2000 நவம்பர் முதல் அங்கு மனிதர் இல்லாத நாளே இல்லை. நிலத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை அது புவியைச் சுற்றுகிறது.

அங்கே யார் சட்டம் செல்லும்? எந்நாடு எப்பகுதியைத் தன் பெயரில் பதிவு செய்ததோ, அந்நாட்டின் ஆட்சியுரிமை அப்பகுதியில் செல்லும். குற்றம் நிகழ்ந்தாலோ, குற்றவாளி எந்நாட்டவரோ அந்நாடு விசாரிக்கலாம். பல கால்கள் வகுத்து மேல்வரம்பு கட்டிய வயலைப்போல் உரிமைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆனால் பிழைப்பு ஒன்றையொன்று சார்ந்தது. நிலையம் தாழாமல் உயர்த்தும் பொறுப்பைப் பெரும்பாலும் ரஷ்யப் பகுதியும் அதன் சரக்குக் கலங்களும் ஏற்றுள்ளன. அமெரிக்கப் பகுதியின் சூரியத்தகடுகள் தரும் மின்சாரம் ரஷ்யப் பகுதிக்கும் செல்கிறது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது, தரையிலே தூதர்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஓர் அமெரிக்கர் ரஷ்யக் கலத்திலும், அக்டோபரில் ஒரு ரஷ்யப் பெண்மணி அமெரிக்கக் கலத்திலும் ஏறி அதே நிலையத்துக்குச் சென்றனர். அன்பினால் என்று சொல்லமாட்டேன். ஒருவர் மதகும் மற்றவர் கடைமடையுமாக இருப்பதால்தான்.

எல்லாரும் அவ்வவையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விண்வெளித் துறை சீனாவுடன் நேர்முகமாகக் கூட்டுறவு கொள்வதை 2011-இல் அந்நாட்டுச் சட்டம் தடுத்தது. சீனா 2021 முதல் தனக்கெனத் தனி நிலையம் அமைத்தது. விண்ணிலும் இரண்டு மந்தைகள் உண்டாயின. 2025 ஜூனில் நம் சுபான்ஷு சுக்லா, அமெரிக்க, போலந்து, ஹங்கேரி நாட்டினருடன் பன்னாட்டு நிலையம் சென்று ஜூலையில் மீண்டார். 2035-க்குள் தனக்கென ஒரு நிலையம் அமைக்க நம் நாடு திட்டமிட்டுள்ளது. இச்சமவெளியின் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளை எவரேனும் அதில் பணியாற்றலாம்.

அப்பிள்ளைக்குப் பொறியியலை மற்றவர் கற்பிப்பர். அயல்நாட்டானோடு ஒரே காற்றை மூச்சுவிட்டு, அவன் கருத்தை மறுத்து, மறுநாள் அவனோடு உணவருந்தும் பண்பை யார் கற்பிப்பது? ஔவையாரின் தூதும், கோவூர் கிழாரின் நடுவுநிலையும் நம்மிடம் உள்ளன. அவற்றோடு இந்த விண்வெளிக் கதைகளையும் சேர்த்து, லோண்டோ எங்கே தவறினார், சிஸ்கோ செய்தது சரியா என்று வகுப்பறையில் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கதவைத் திறந்துவைத்து, அவர்களைச் சூழ்ந்து எண்ணவிடுங்கள். சூழ்ச்சி என்னும் சொல் தன் பழைய பொருளை அவர்களிடமாவது மீண்டும் பெறட்டும்.